உறுத்தாத இடம்

துப்பாக்கியை எங்கே வைத்துக்கொண்டால் நடக்கும்போது உறுத்தாது என்பதுதான், மலையேறத் தொடங்கியபின் வரதப்பன் தன் குருவிடம் கேட்ட முதல் கேள்வி.

உலகம்மை நின்று திரும்பிப் பார்த்தார்.

"எதுக்கு அது?"

"மேல கரடி இருக்குன்னு சொன்னாங்கம்மா."

"இருக்கு."

"அதான் எடுத்துட்டு வந்தேன்."

உலகம்மை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. முன்னால் நடந்தார்.

அவர் வரதப்பனைவிட வயதில் சிறியவர். கல்லருவி மலையின் அடிவாரத்தில் ஒரு சின்ன மடம் நடத்திவந்தார். மழை ஓய்ந்ததும் உச்சியில் இருக்கும் கல்வீட்டுக்குப் போய், சில வாரம் பேச்சில்லாமல் இருந்துவிட்டு வருவது அவர் வழக்கம். இதுவரை யாரையும் கூட்டிப்போனதில்லை. இந்த வருஷம் வரதப்பனிடம், "நீங்களும் வாங்க" என்றார்.

வரதப்பன் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். தோட்டத்தில் தனியாக இருந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய ரிவால்வர் அது. தகர டப்பாக்களைத் தவிர வேறு எதையும் அவர் சுட்டதில்லை. ஆனாலும் அது இல்லாமல் காட்டுப் பாதையில் கால் வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

சிக்கல் முதுகுப்பையால் வந்தது. அரிசி பருப்பெல்லாம் மட்டக்குதிரையில் முன்னாலேயே மேலே போய்விட்டது. அப்படியும் கம்பளி, துணிமணி, மருந்து, தண்ணீர் என்று பை நல்ல கனம். அந்தக் கனத்தைத் தாங்குவது இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை. துப்பாக்கியின் தோலுறையும் அதே இடத்தில்தான் இருந்தது. அடி வைக்க வைக்கப் பட்டை உறையை அழுத்தியது, உறை இடுப்பெலும்பை அழுத்தியது. மதியத்துக்குள் தோல் வழன்றுவிட்டது.

உறையை முதுகுப்பக்கம் தள்ளினார். பை அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வயிற்றுப்பக்கம் கொண்டுவந்தார். ஏற்றத்தில் காலைத் தூக்கும்போதெல்லாம் தொடையில் குத்தியது.

"நின்னு நின்னு அதையே பாக்கறீங்க" என்றார் உலகம்மை.

"வேற எதையும் நெனைக்கவே விடமாட்டேங்குதும்மா."

"அப்படியா" என்றார் அவர்.

கடைசியில் வரதப்பன் அதைப் பைக்குள்ளே, கம்பளிக்கு அடியில் திணித்தார்.

அன்று வெயில் சாயும் நேரத்தில் கரடியைப் பார்த்தார்கள். பாதைக்கு மேலே ஒரு கறையான் புற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. உலகம்மை கையை நீட்டி அவரை நிறுத்தினார். வரதப்பன் பையைக் கழற்றினார், ஜிப்பைத் திறந்தார், கம்பளியை இழுத்து வெளியே போட்டுவிட்டு உள்ளே துழாவினார். கரடி தலையைத் தூக்கிப் பார்த்தது. உஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டது. வரதப்பன் நிமிர்ந்தபோது அவர் கையில் சோப்பு டப்பா இருந்தது.

உலகம்மை சிரித்துவிட்டார். வரதப்பனும் சிரித்தார். ஆனால் இருட்டும்வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் காலை, தங்கிய குகையின் வாசலிலேயே உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். முதுகுப்பையின் தோள்பட்டை நெஞ்சருகே இறங்கும் இடத்தில் தோலுறையை வைத்து, ஒரு துண்டைக் கிழித்து அதைச் சுற்றி இறுக்கித் தைத்தார். நடுவில் நூல் தீர்ந்துபோனது. மங்கிய வெளிச்சத்தில் ஊசியின் கண் அவருக்குத் தெரியவில்லை. உலகம்மை வாங்கிக் கோத்துக் கொடுத்தார்.

பையை மாட்டிக்கொண்டு நாலடி நடந்து பார்த்தார். துப்பாக்கியின் கனம் தோளோடு போய்விட்டது. இடுப்பில் உறுத்த ஒன்றும் இல்லை. கையை மடக்கினால் விரல் நேராகப் பிடியில் போய் நின்றது.

"இப்போ எப்படி இருக்கு?"

"இருக்கறதே தெரியலம்மா."

உலகம்மை அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றைய நடை வரதப்பனுக்குப் பிடித்திருந்தது. முதல்நாள் முழுக்கத் தன் இடுப்பை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தவர், இன்று மரங்களைப் பார்த்தார். பாறையிடுக்கில் கசிந்த தண்ணீரை நாக்கில் ஏந்திக் குடித்தார். இளம்வயதில் கேட்ட ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தார். துப்பாக்கியின் நினைவே அவருக்கு வரவில்லை.

மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. பாதை ஓர் ஓடையைத் தாண்டி, நாணல் அடர்ந்த வளைவில் திரும்பியது. ஓடையின் இரைச்சலில் வேறெதுவும் காதில் விழவில்லை. தண்ணீர் பிடிக்க உலகம்மை பின்தங்கியிருந்தார். வளைவில் நாணல் விலகியது. கறுப்பாக ஏதோ ஒன்று, மிகவும் பக்கத்தில்.

வெடிச்சத்தம் கேட்டபோதுதான், சுட்டது தான் என்று வரதப்பனுக்குத் தெரிந்தது. மணிச்சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

மட்டக்குதிரை முன்னங்கால் மடங்கி விழுந்தது. கழுத்துமணி கல்லில் பட்டுப் பட்டு ஒலித்தது. பிறகு ஒலிக்கவில்லை.

பனிக்குள்ளிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று கையில். கல்வீட்டுக்கு அரிசி ஏற்றிப்போன மாசணன் அவர். குதிரையின் தலைமாட்டில் உட்கார்ந்து, "மையி" என்று கூப்பிட்டார். காதைத் தடவினார். மறுபடி கூப்பிட்டார்.

உலகம்மை ஓடையைத் தாண்டி வந்து சேர்ந்தபோது மூவரும் அப்படியே இருந்தார்கள். குதிரை அசையவில்லை, மாசணன் எழவில்லை, வரதப்பனின் கை இறங்கவில்லை. உலகம்மை அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கினார்.

மாசணன் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எப்பவும் நான்தான் முன்னால கயித்தப் புடிச்சிட்டு வருவேன். முள்ளு ஏறிருச்சேன்னு குனிஞ்சேன். அதுக்கு வழி தெரியுமே, போகட்டும்னு விட்டுட்டேன்."

"மேலதானே இருக்கேன்னு சொன்னீங்க. ஏன் எறங்கி வந்தீங்க?" என்று உலகம்மை கேட்டார்.

"ஐயா பையத் தூக்கிட்டு ஏறுறதுக்குச் சிரமப்படுவாரு. பாதி வழியில வாங்கி மையி மேல போட்டுக்கலாம்னு வந்தேன்."

வரதப்பன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கைகளைக் கூப்பினார்.

"என்னை மன்னிச்சிருங்க. நான் வேற குதிரை…"

மாசணன் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பேச்சு இப்ப வேண்டாங்கய்யா."

"மன்னிச்சிருங்க."

மாசணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வரதப்பனை முதன்முறையாக நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததை வரதப்பனால் தாங்க முடியவில்லை.

"கரடின்னு நெனச்சிட்டீங்க. பனியில அப்படித்தான் தெரியும். எனக்கே ஒருதரம் தெரிஞ்சிருக்கு. உசுர்ப்பயம் எல்லாருக்கும் உள்ளதுதானே. விடுங்கய்யா."

வரதப்பன் தலையாட்டினார்.

கல்லும் தழையும் கொண்டுவந்து குதிரையை மூடினார்கள். கல் பொறுக்க வரதப்பனின் பக்கத்தில் குனிந்தபோது உலகம்மை, "நூல் கோத்துக் குடுத்தது நான்" என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

கிளம்பும்போது வரதப்பன் தோட்டாக்களை எடுத்துத் தனியாக முடிந்து வைத்தார். துப்பாக்கியை ஒரு துணியில் சுற்றினார். அதற்குள் மாசணன் அவருடைய முதுகுப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம், குடுங்க."

"இதுக்குத்தானே வந்தேன்" என்றார் மாசணன். முன்னால் ஏறத் தொடங்கினார்.

பை இல்லாத முதுகோடு, துணிச்சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு, வரதப்பன் பின்னால் நடந்தார். பனி விலகிக்கொண்டிருந்தது. மரங்கள் காலையில் இருந்ததுபோலத்தான் இருந்தன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. உலகம்மை அவருக்குச் சமமாக நடந்துவந்தார். மாசணன் நடையை எட்டிப்போட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"அவர் மன்னிச்சிட்டார்."

"கேட்டேன்."

"எனக்கு ஏன் ஆறமாட்டேங்குது?"

"எதுக்கு மன்னிச்சார்?"

"கரடின்னு நெனச்சுச் சுட்டதுக்கு."

"நெனச்சீங்களா?"

வரதப்பன் நின்றுவிட்டார். அந்த வளைவை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது இந்த இடத்தைத்தான்.

"இல்லம்மா. கரடின்னும் நெனைக்கல, குதிரைன்னும் நெனைக்கல. அவரே முன்னால வந்திருந்தாலும்…" கையிலிருந்த துணிச்சுருளைப் பார்த்தார். "கை போயிருச்சு. அவ்வளவுதான். பார்க்கவே இல்ல."

"அதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அவரா கரடின்னு சொன்னார். நான் தலையாட்டிட்டேன்."

மேலே, பாதை திரும்பும் இடத்தில் மாசணன் பையை இறக்காமலே நின்று அவர்களுக்காகக் காத்திருந்தார்.

"இங்க வழுக்கும்" என்று கீழ்நோக்கிக் குரல் கொடுத்தார். "பாத்து வாங்கய்யா."

உலகம்மை அவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வரதப்பனிடம் திரும்பினார்.

"அப்போ, அவர் மன்னிச்சது வேற யாரையோ" என்றார்.