நான்காவது கல்

காட்டாறு ஒன்று குறுக்கே ஓடும் ஒரு காட்டில், குட்டி விலங்குகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடந்தது, குழந்தைகளே. அங்கே வாத்தியார் ஒரு கழுதை. அதன் குரல் மூன்று மலைக்குக் கேட்கும். அந்த வேலையை வேறு யாரும் கேட்கவும் இல்லை.

கழுதைக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ‘அ, ஆ, இ, ஈ’ என்று தொடங்கி ‘ஔ’ வரைக்கும் மூச்சு விடாமல் சொல்லத் தெரியும். குட்டிகளும் அப்படியே கத்தின. தாய் விலங்குகளுக்கு ஒரே பெருமை. மான், வீட்டுக்கு யார் வந்தாலும் தன் குட்டியை நிறுத்திப் பன்னிரண்டு எழுத்தையும் சொல்ல வைத்தது.

முள்ளம்பன்றிக் குட்டிக்கு மட்டும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணம். ஒருநாள் அது எழுந்து நின்றது.

“சார், ‘ஈ’ எப்படி இருக்கும்?”

“‘இ’ முடிந்ததும் வரும்.”

“‘இ’ எப்படி இருக்கும், சார்?”

“‘ஈ’ வருவதற்கு முன்னால் வரும். உட்கார்” என்றது கழுதை.

குட்டி உட்கார்ந்தது. ஆனால் மனம் ஆறவில்லை. பள்ளி விட்டதும் ஆற்றங்கரைக்கு ஓடியது.

அந்த ஆற்றில் இறங்கிக் கடக்க ஆறு துறைகள் இருந்தன. காவல்காரரான நீர்நாய், துறைக்கு ஒரு கல்லாக நட்டு, ‘அ’ முதல் ‘ஊ’ வரை வரிசையாக எழுதி வைத்திருந்தது. முதலை எங்கே படுத்திருக்கிறது என்று தினமும் பார்த்து, அன்று எந்தத் துறையில் கடக்கலாம் என்று காட்டுக்குச் சொல்லி அனுப்பும்.

‘ஈ’ எது என்று குட்டி கேட்டது. உள்ளே இரண்டு கண் மாதிரிப் புள்ளி இருக்கும் எழுத்துதான் என்று நீர்நாய் காட்டியது. குட்டி தன் முள் ஒன்றைப் பிடுங்கி ஈர மணலில் எழுதிப் பார்த்தது. முதலில் நண்டு மாதிரி வந்தது. பிறகு கவிழ்ந்த நண்டு மாதிரி வந்தது. பொழுது சாய்வதற்குள் ‘ஈ’யே வந்துவிட்டது.

அந்த வாரம் பெருமழை பெய்து, ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. அக்கரையில் கொய்யா பழுத்திருப்பதாகக் கேள்விப்பட்ட கழுதை, வகுப்பையே அழைத்துக்கொண்டு புறப்பட்டது. இன்று ‘ஈ’ துறையில் மட்டும் கடக்கலாம் என்று நீர்நாய் சொல்லி அனுப்பியிருந்தது.

கழுதை ஒவ்வொரு கல்லாகக் குளம்பால் தட்டிக்கொண்டே போனது. குட்டிகள் கூடவே கத்தின. “அ! ஆ! இ! ஈ!”

நான்காவது கல்லருகே கழுதை நின்றது. இறங்கச் சொன்னது.

ஆனால் ‘இ’ எழுதிய கல்லை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. அதனால் நான்காவதாக நின்றது ‘உ’. அதன் கீழே இரண்டு நாள் பசியோடு முதலை படுத்திருந்தது. பாடம் தன்னை நோக்கி வருவதைக் கேட்டு, படிப்பு எவ்வளவு நல்லது என்று அது நினைத்துக்கொண்டது.

“சார், இது ‘ஈ’ இல்லை. இதில் புள்ளியே இல்லை. போன கல்தான் ‘ஈ’” என்றது முள்ளம்பன்றிக் குட்டி.

“நான்காவது எழுத்து ‘ஈ’. இது நான்காவது கல். நகரு.”

குட்டி நகரவில்லை. முள்ளையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு துறையை மறித்து நின்றது. மான்குட்டியும் கரடிக்குட்டியும் தயங்கின. தானே இறங்கிக் காட்டுவதாகச் சொன்ன கழுதை, குட்டியைச் சுற்றிக்கொண்டு போய், வகுப்பைத் திட்டியபடியே பின்பக்கமாகத் தண்ணீருக்குள் கால் வைத்தது.

முதலை வாலைக் கவ்வியது.

“ஆ...!” என்று அலறியது கழுதை.

“இ! ஈ! உ! ஊ!” என்று தொடர்ந்தன குட்டிகள்.

முள்ளம்பன்றிக் குட்டி ஒன்றுதான் பாடம் சொல்லவில்லை. திரும்பி, பின்பக்கமாகவே பாய்ந்து, முதலையின் மூக்கில் முள்ளைக் குத்தியது. முதலை வாயைத் திறந்தது. கழுதை கரையேறியது. வாலில் பாதிதான் உடன் வந்தது.

பிறகு எல்லோரும் இரண்டு புள்ளி உள்ள கல்லைத் தேடி, அங்கே இறங்கிக் கடந்து, வயிறு நிறையக் கொய்யா தின்றார்கள்.

மறுநாள் முதல் வகுப்பு ஆற்று மணலில் நடந்தது. குட்டிகள் காலாலும் நகத்தாலும் எழுதின. நீர்நாய் திருத்தியது. கழுதையும் குட்டிகளோடு உட்கார்ந்து குளம்பால் ஒரு ‘அ’ எழுதியது. வகுப்பிலேயே பெரியதும் கோணலானதும் அதுதான்.

நீதி: எழுத்து வாய்க்குத் தெரிந்தால் போதாது, கண்ணுக்கும் கைக்கும் தெரிய வேண்டும்.