பெட்ரோல் மூடிக்குள் வைத்த பொட்டு

அன்று ரைஸ் மில் முற்றத்தில் நின்றவர்கள் முதலாளி கோதண்டபாணி, கணக்கர் நெல்லையப்பன், மூட்டை சுமப்பவர்கள் நால்வர், டிரைவர் சுடலைமணி. ஆக ஏழு பேர்.

முதலாளியின் வெள்ளைக் காரில் பெட்ரோல் மூடிக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. ஆயுதபூஜை அன்று அவரே மூடிக்குள் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்ததில், தண்ணீர் வடியும் துளை அடைத்துக்கொண்டது. வண்டியைக் கழுவும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே தேங்கி, குங்குமத்தையும் கரைத்துக்கொண்டு வெளியே வழிந்தது.

“ஏல சுடலை, நாளைக்கும் இந்தக் கோடு தெரிஞ்சா உனக்கு வேலை கிடையாது. சாமிப் பொட்டுல கை வச்சாலும் வேலை கிடையாது!”

“அப்போ கோட்டைத் துடைக்கட்டுமா முதலாளி?”

“பின்னே? அதுக்குத்தானல சம்பளம்!”

“அதுவும் அதே சாமிக் குங்குமம்லா முதலாளி? சும்மா துடைச்சா பாவம். ஒரு சூடம் காட்டிட்டுத் துடைக்கேன்.”

சுடலைமணி செருப்பைக் கழற்றினான். பெட்ரோல் மூடிக்கு நேரே தட்டில் சூடத்தை வைத்து, தீப்பெட்டியிலிருந்து குச்சியை எடுத்தான். மூட்டைக்காரர்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கைகூப்பினார்கள்.

“ஏல, பெட்ரோல்ல! பெட்ரோல்!” என்று முதலாளி பாய்ந்து வந்து குச்சியைப் பிடுங்கினார்.

“சாமி இருக்கிற இடத்துல சூடம் காட்டாம எப்படி முதலாளி?”

“இங்கே சாமியும் இல்லை, பூதமும் இல்லை!” என்று கத்திக்கொண்டே, அந்தக் குச்சியாலேயே துளையிலிருந்த சந்தனத்தை அவரே நோண்டி எடுத்தார். தேங்கிய தண்ணீர் துளை வழியாகத் தரைக்கு இறங்கியது.

காரில் அவர் வைத்த பொட்டுகள் பதினொன்று. மிச்சம் பத்து.