கம்பளியை வெளியே காட்டிய நரி

பனிமலை அடிவாரக் காட்டில் காலையிலிருந்தே ஒரே பரபரப்பு. உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது!

முதல் பனி விழுந்தால் மறுநாள் ஓட்டப் பந்தயம். உச்சியில் நிற்கும் ஒற்றைத் தேவதாரு மரத்தை யார் முதலில் தொடுகிறார்களோ, அவர்களுக்குத்தான் குளிர்காலம் முழுக்க வெந்நீர் ஊற்றுக் குகை. உள்ளே நுழைந்தால் அடுப்படி மாதிரி கதகதவென்று இருக்கும்.

அந்தக் குகை கிடைத்தே ஆக வேண்டும் வெள்ளச்சி என்ற முயலுக்கு. மழையில் வளை இடிந்துபோய், குட்டிகளோடு ஒரு புதருக்கடியில் ஒண்டிக்கொண்டிருந்தாள். மினுக்கன் என்ற நரிக்கும் குகை மேல் ஆசை. எதற்கு என்று கேட்டால், அதன் வாசலில் நின்றால் காடே தன்னைப் பார்க்குமாம்.

இருவரும் நீர்நாய் அக்காவின் கடைக்கு ஓடினார்கள். அங்கே ஒரே முண்டியடிப்பு. மான் தன் கொம்புக்குத் தோதாகக் குல்லா கேட்டது. கரடிக்கு எந்தக் கோட்டும் பொத்தான் போட வரவில்லை.

முட்செடிகளில் செம்மறி ஆடுகள் விட்டுப்போன கம்பளியை உள்ளே வைத்து, தேன்மெழுகு பூசிய மரப்பட்டையை வெளியே வைத்துத் தைப்பது அக்காவின் வழக்கம். பூட்ஸும் அப்படித்தான், கோட்டும் அப்படித்தான். மேலே தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும்.

வெள்ளச்சிக்கும் அழகாகப் போட்டுக்கொள்ளப் பிடிக்கும். தன் பூட்ஸுக்குச் சிவப்புக் குஞ்சம் கேட்டு வாங்கினாள். குஞ்சம் இருக்கட்டும், உள்ளே விரல் அசைகிறதா பார் என்றாள் அக்கா. இறுக்கமாகப் போட்டால் எந்தக் கம்பளியும் சூடு தராதாம்.

மினுக்கன் தன் பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி கம்பளி!

"இவ்வளவு அழகை உள்ளே வச்சுத் தச்சிருக்கீங்களே அக்கா, இது யாருக்குத் தெரியும்?"

"உன் காலுக்குத் தெரியும் தம்பி" என்றாள் நீர்நாய்.

மினுக்கன் அதைக் காதில் வாங்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கம்பளி வெளியே தெரியும்படி பூட்ஸைத் திருப்பினான். கோட்டையும் திருப்பினான். காலையில் பந்தயத்துக்கு வந்தபோது மேகம் ஒன்று நடந்து வருவது போல இருந்தது. எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நாமும் திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று வெள்ளச்சிக்கே ஒரு நிமிஷம் மனசு தடுமாறியது. உள்ளே சூடாக இருந்த விரல்களை அசைத்துப் பார்த்தாள். வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

ஓட்டம் தொடங்கியது! மினுக்கன்தான் முன்னால். "என்ன குஞ்சக்கால், வர்றியா?" என்று திரும்பிச் சிரித்தான்.

மேலே போகப் போகப் பனி முழங்காலைத் தொட்டது. மினுக்கனின் கம்பளியில் பனி அப்பியது. உடம்புச் சூட்டில் அது உருக, கம்பளி அந்தத் தண்ணீரையெல்லாம் குடித்தது. உச்சிக் காற்று அடித்ததும் அத்தனையும் உறைந்தது. ஒவ்வொரு பூட்ஸும் ஓர் ஆட்டுக்கல். கோட்டோ பலகை மாதிரி விறைத்துவிட்டது. வெள்ளச்சியின் மேல் விழுந்த பனி வழுக்கி ஓட, அவள் குஞ்சம் குலுங்க அவனைத் தாண்டினாள்.

"வெள்ளச்சி, என் கால் எங்கே இருக்குன்னே தெரியலை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதில் இப்போது சிரிப்பு இல்லை.

மரம் கண்ணுக்கு எதிரே நின்றது. மான் பின்னால் நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளச்சி ஒரே பாய்ச்சலில் மரத்தைத் தொட்டாள். தொட்ட கையோடு சறுக்கிக்கொண்டு மினுக்கனிடம் வந்தாள். மானும் வந்து சேர்ந்தது. விறைத்த கோட்டைக் கழற்றிக் கீழே போட்டு, அதன் மேலேயே அவனை உட்கார வைத்து, குகை வரைக்கும் இழுத்துப் போனார்கள்.

வெந்நீர் ஊற்றில் கால் வைத்த பிறகுதான் அவனுக்கு உயிர் வந்தது. பூட்ஸைக் காயவைத்து, கம்பளியை உள்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். அதற்குள் குகைக்குக் குடிவந்துவிட்ட முயல் குட்டிகளில் ஒன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"நரி மாமா, இப்போ அந்த அழகு யாருக்கும் தெரியாதே?"

"என் காலுக்குத் தெரியும்டா" என்றான் மினுக்கன்.

பனியில் போகிறவர்கள் முதலில் குளிரையும் ஈரத்தையும் தடுத்துக்கொள்ள வேண்டும்; குஞ்சம் கட்டிக்கொள்வது அதற்குப் பிறகு.