எதிரொலிக்காத வெடி

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் இருக்கும். மலையடி ஊரிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈரத் துணியைப் பாறையில் ஓங்கி அடித்த மாதிரி, ஒரே ஒரு தடவை.

மடத்து முற்றத்தில் இருந்த சீடர் தேசிங்கு எழுந்து நின்றார். "வெடியா தாயே?"

"வெடிதான்," என்றார் குரு நீலாயி. "காட்டுல வெடிச்சா மலை திருப்பிச் சொல்லும். இது சொல்லலை. வீட்டுக்குள்ள வெடிச்சிருக்கு."

குருவைவிடச் சீடர் பதினைந்து வயது மூத்தவர். கோபத்திலும் மூத்தவர்தான்.

இருவரும் இறங்கிப் போனார்கள். சடையன் வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்திருந்தது. மனைவியோடு சண்டை, கைக்கெட்டும் இடத்தில் நாட்டுத் துப்பாக்கி. அவன் மனைவி வெள்ளச்சி கைக்குழந்தையோடு சோளக்காட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தத் தடவை கூரை," என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் தேசிங்கு கொதித்தார். "பௌர்ணமிக்கு ஊர்க்கூட்டம். அந்தப் பிள்ளையத் தூக்கிக் காட்டி எல்லாரையும் அழ வைக்கிறேன் பாருங்க."

"போன வருஷமும் அழ வச்சீங்களே. அழுதுட்டு என்ன செஞ்சாங்க?"

தேசிங்கு தயங்கினார். "பயத்துல இன்னும் மூணு துப்பாக்கி செஞ்சு வச்சுக்கிட்டாங்க."

"அப்போ இந்தத் தடவை பேசாதீங்க ஐயா. கேளுங்க. பத்து வருஷத்துல மனுஷன் மேல பட்ட ஒவ்வொரு வெடியும் எங்க வெடிச்சுது? அதுக்குத் துப்பாக்கிக் குழல்ல வெடிமருந்து எப்போ கெட்டிச்சாங்க? ரெண்டே கேள்வி. யார் குத்தம்னு மட்டும் கேக்காதீங்க."

"அதுதானே தாயே முக்கியம்!"

"அதைக் கேட்டா மத்த ரெண்டுக்கும் பதில் வராது."

தேசிங்கு பன்னிரண்டு நாள் வீடு வீடாக நடந்தார். ஒரு வீட்டில் கூழ் ஊற்றினார்கள். ஒரு வீட்டில் நாயை ஏவினார்கள்.

ஊர்க்கூட்டத்தில் பாதிப் பேர் துப்பாக்கிகளை உடைக்கச் சொன்னார்கள். பாதிப் பேர் கிழங்கைத் தோண்டித் தின்ன வரும் காட்டுப்பன்றிக்கு என்ன வழி என்றார்கள். சடையன் எழுந்து, "சாமியாரம்மா வந்து எங்க கிழங்குக் காட்டுல காவல் படுப்பாங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

"படுப்பேன். என் குறட்டைக்குப் பன்னி நிக்காது," என்றார் குரு. பிறகு தரையில் ஒரு கோடு கிழித்தார். "இந்தப் பக்கம் காடு. அந்தப் பக்கம் வீடு. அடிபட்டவங்க வீட்டு ஆளுங்களே வந்து, வெடி எங்க வெடிச்சுதோ அந்தப் பக்கம் ஒரு கல் வைங்க."

ஒன்பது கல் விழுந்தது. காட்டுப் பக்கம் இரண்டு. வீட்டுப் பக்கம் ஏழு.

"வீட்டுல அடிபட்ட இந்த ஏழு பேர்ல திருட வந்தவன் யாராச்சும் உண்டா?" என்றார் குரு.

ஒருவரும் இல்லை.

"ஏழுக்கும் எப்போ கெட்டிச்சது?"

தேசிங்கு சொன்னார். "காட்டுக்குப் போறப்ப. பன்னி வரலை. கெட்டிச்சது கெட்டிச்சபடியே வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க."

எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். கெட்டித்த மருந்தை வெடித்துத்தான் காலி செய்ய முடியும். ஆனால் வேட்டை விழாமல் வெறுமனே வெடித்தால் வனதேவதை கோபித்துக்கொள்ளும் என்று அந்த ஊரில் யாரும் வெடிப்பதில்லை.

"எல்லை மண்மேட்டுல வெடிச்சுட்டு வந்தா என்ன?" என்றார் ஒருவர், பாதிக் குரலில்.

"தேவதைக்கு யார் பதில் சொல்றது?" என்றார் இன்னொருவர்.

வெள்ளச்சி எழுந்தாள். கூட்டத்தில் பெண்கள் பேசி அந்த ஊர் கேட்டதில்லை. "அந்த ஏழு கல்லுக்குக் கோவிக்காத தேவதை, ஒரு பிடி மருந்துக்கா கோவிக்கப் போவுது?"

சடையன் கற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தான். "இனி மேட்டுல வெடிச்சுட்டே வீட்டுக்கு வரேன்," என்றான். "துப்பாக்கியும் கோயில் அறையில கிடக்கட்டும். காவலுக்குப் போறப்ப எடுத்துக்கறேன்."

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள்.

"இது பலிக்குமா தாயே?" என்று தேசிங்கு வழியில் கேட்டார்.

"அடுத்த மழைக்கு மறுபடி போய்க் கேளுங்க. குறையலைன்னா நாம நெனச்சது தப்பு. வேற தேடுவோம்."

அடுத்த மழையில் தேசிங்கு குடையோடு போய்க் கேட்டார். மனிதர் மேல் ஒரு வெடியும் படவில்லை.

குருவும் கூட வந்திருந்தார். இருட்டும் நேரத்தில் இருவரும் சடையன் வீட்டைத் தாண்டினார்கள். உள்ளே அவன் குழந்தைக்கு யானை மாதிரி பிளிறிக் காட்டிக்கொண்டிருந்தான். வெள்ளச்சி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.

தேசிங்கின் முகம் வாடியது. "இன்னும் பயம் போகலையே தாயே. தாழ்ப்பாள் போடுறாளே."

"பயந்தப்பல்லாம் திறந்துதான் வச்சிருந்தா ஐயா," என்றார் குரு. "பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுறதுக்கு."