ஒன்பது புளியங்கொட்டை

கண்மாய்க்கரையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரம், யானை என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு கூரை, இரண்டு பாய், ஒரு விளக்கு. மொத்தச் சொத்தும் அவ்வளவுதான். அங்கே இருந்த துறவிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஊர் அவளைக் கரையம்மா என்று கும்பிட்டது. அவளிடம் சீடனாக வந்து சேர்ந்த சாத்தப்பனுக்கோ நாற்பது தாண்டிக் காதோரம் நரைத்திருந்தது. அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

சாத்தப்பனுக்கு ஒரு வித்தை கைவசம். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவான். பூசாரி தட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மந்திரம் சொல்வது, செக்குமாடு நின்று பெருமூச்சு விடுவது, எதையும் விடமாட்டான். ஒரு நாள் கரையம்மா குரலிலேயே, கதவுக்குப் பின்னால் நின்றபடி, வந்தவருக்கு ஆசி சொல்லி அனுப்பிவிட்டான்.

அடுப்படியிலிருந்து கேட்ட அவள், "நான் இவ்வளவு நல்லாவா பேசுறேன்?" என்றாள்.

ஒரு காலையில் தலையாரி ஓலையோடு வந்து நின்றார்.

அந்த ஊரில் பெரிய வழக்கு வந்தால் யாரும் தனியாகத் தீர்ப்புச் சொல்வதில்லை. ஊரார் பெயரையெல்லாம் ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். எடுத்ததில் வருகிற ஒன்பது பேர் சாவடியில் உட்கார்ந்து வழக்கைக் கேட்க வேண்டும். கேள்வி கேட்பது மட்டும் ஊர்த்தலைவரான அம்பலக்காரர் வேலை. முடிவு ஒன்பது பேருடையது.

"சாத்தப்பா, குடத்துல உன் பேரு வந்திருக்கு. நாளைக்கு விடிஞ்சதும் சாவடிக்கு வந்துரு."

"எனக்கு ரெண்டு நாளா வயித்து வலிண்ணே."

"ஓலை கொண்டுபோன வீட்டுல எல்லாம் வயித்து வலிதான். வைத்தியரையும் கூட்டிட்டு வரவா?"

சாத்தப்பன் ஓலையை வாங்கிக்கொண்டான். தலையாரி போனதும், அவர் குரலிலேயே ஒரு தடவை "வைத்தியரையும் கூட்டிட்டு வரவா?" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு கரையம்மாவிடம் போனான். அவள் பஞ்சைக் கையில் உருட்டித் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போனா என்னம்மா நடக்கும்?"

"உக்காரச் சொல்லுவாங்க. ரொம்ப நேரம் உக்காரச் சொல்லுவாங்க. வழக்குக்காரங்களுக்கு நீங்க சொந்தமா, பகையான்னு கேப்பாங்க. ரெண்டும் இல்லைன்னா திரும்ப உக்காரச் சொல்லுவாங்க. பசிக்கும். முடியிற வரைக்கும் வெளியில யார்கிட்டயும் வழக்கைப் பத்திப் பேசக் கூடாது."

"நான் என்ன செய்யணும்?"

"கேக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கு எதுக்கும்மா ஒன்பது பேர்?"

"ஒருத்தருக்குக் கேக்காதது இன்னொருத்தருக்குக் கேக்கட்டும்னு."

மறுநாள் போனவன் அதற்கு மறுநாள் பிற்பகலில்தான் திரும்பினான். சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கரையம்மா அதே இடத்தில் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சதா அண்ணே?"

"முடிஞ்சதும்மா. இனிமே பேசலாம். மடைக்கார முத்திருளன் வழக்கு."

முத்திருளனை அவளுக்கும் தெரியும். கண்மாய்க்குள் முங்கி, ஆழத்தில் இருக்கிற அடைகல்லைத் தூக்கித் தண்ணீர் திறந்துவிடுகிறவர். முப்பது வருடமாக அந்த வேலை. போன ஐப்பசி அடைமழையில் அவர் மடையைத் திறக்கவில்லை. கரை உடைந்தது. கீழத்தெரு ஆண்டியப்பனின் வீடு போயிற்று. வீட்டோடு அவன் மனைவியும் போனாள்.

"சொல்லிக் காட்டுங்க," என்றாள் கரையம்மா.

அவனுக்கு வேறென்ன வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தான். முதலில் ஆண்டியப்பன் ஆனான். தோள் தொங்கியது. குரல் பாதியில் உடைந்தது.

"தாலி கட்டி ஆறு மாசம். அவ தண்ணிக்குப் பயப்படுவாங்க. கிணத்தடிக்குக்கூடத் தனியாப் போக மாட்டா."

கரையம்மாவின் கை நின்றது. சாத்தப்பன் கனைத்துக்கொண்டு அடுத்துக் கரைக்காவல் வெள்ளையன் ஆனான்.

"மடையைத் திறக்கச் சொல்லிக் கை வீங்குற வரைக்கும் தமுக்கு அடிச்சேன் சாமி. கரை மேல நின்னு பாத்தா அவர் வீட்டு முத்தம் தெரியும். கொட்டாய்க்குள்ள முதுகைக் காட்டிக்கிட்டு வலை பின்னிட்டு இருந்தாரு. கரையை விட்டு என்னால நகர முடியல. மண்ணு சரிஞ்சுகிட்டு இருக்கு. நூறு அடி தூரம். செத்தவன் எந்திரிப்பான் அந்தச் சத்தத்துக்கு. இவரு திரும்பிக்கூடப் பாக்கல."

பிறகு சாத்தப்பன் நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவி, அம்பலக்காரர் ஆனான். கூரையில் இருந்த குருவி பறந்தது.

"முத்திருளா, தமுக்குச் சத்தம் கேட்டும் நீ வரலை. உண்மைதானா?"

உடனே எதிர்ப்பக்கம் தாவி முத்திருளன் ஆனான். இடது கன்னத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினான். கண்ணை அம்பலக்காரர் இருந்த இடத்தில், அவர் வாய் இருக்கும் உயரத்தில் நிறுத்தினான். ஒரு மூச்சு தாமதித்தான்.

"ஆமாங்க."

"வேணும்னேதான் வராம இருந்தியா?"

கன்னம் முன்னால் வந்தது. ஒரு மூச்சு.

"ஆமாங்க."

"ஆண்டியப்பன் பெண்டாட்டி செத்தது உன்னாலதான்னு ஒத்துக்கிறியா?"

"ஆமாங்க."

"வேற ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஆமாங்க."

சாத்தப்பன் முத்திருளனாகவே நின்றான். எதுவும் சொல்லவில்லை. பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"இப்படியேதான்மா நின்னாரு. சொல்லணுமான்னா ஆமாங்கறாரு. சரி சொல்லுன்னா மரம் மாதிரி நிக்கிறாரு. சாவடியே சிரிச்சுது. ஆண்டியப்பனைத் தவிர."

"அப்புறம்?"

"எங்க ஒன்பது பேரையும் உள்ள விட்டுக் கதவைச் சாத்தினாங்க. ஆளுக்கு ஒரு புன்னைக்கொட்டை, ஒரு புளியங்கொட்டை. ஊர்ல இருக்கட்டும்னா புன்னை. ஊரை விட்டுப் போகட்டும்னா புளி. துணிக்கு அடியில கையை விட்டுப் பானையில போடணும்."

"எல்லாரும் உடனே போட்டீங்களா?"

"இல்லம்மா. மூணு பேரு இழுத்துகிட்டே இருந்தாங்க. வாணியர் வீட்டு அக்கா ஒண்ணு, 'முப்பது வருசம் நமக்காக முங்குன மனுசன், இப்படியா திமிராப் பேசுவாரு, எனக்கு ஒப்பலையே' அப்படின்னுச்சு." அந்த அக்காவின் குரலும் அச்சாக வந்தது. "எனக்கானா பசி. நான் எந்திரிச்சு ஒரு தடவை அந்த 'ஆமாங்க'வைச் செஞ்சு காட்டினேன். அந்த அக்காவே சிரிச்சுருச்சு. அதுக்கப்புறம் பானை சுத்தி வர நேரம் ஆகல. கவிழ்த்துப் பாத்தா ஒன்பதும் புளி."

கரையம்மா திரியைத் தட்டில் வைத்தாள்.

"அந்த ஆமாங்கவை இன்னொரு தடவை செய்ங்க."

செய்தான்.

"இன்னொரு தடவை."

செய்தான். இந்தத் தடவை அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"நல்லாப் பாத்து வெச்சிருக்கீங்க," என்றாள். "ஒண்ணைக்கூட விடல. உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் பஞ்சை இரண்டு உருண்டையாக உருட்டினாள். எண்ணெயில் தோய்த்துப் பிழிந்தாள். அவன் பின்னால் வந்து இரண்டு காதிலும் இறுக்கமாக அடைத்தாள். பிறகு எதிரே போய் அமர்ந்து ஏதோ பேசினாள்.

சாத்தப்பனுக்குக் கிணற்றுக்குள் இருப்பதுபோல இருந்தது. அவள் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அசைந்து முடிந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டிருக்கிறாள், பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. அவன் ஒரு பக்கக் கன்னத்தை முன்னால் நீட்டினான். அவள் வாயைப் பார்த்தான். ஒரு மூச்சு காத்திருந்தான்.

"ஆமாம்மா," என்றான்.

சொன்ன பிறகுதான் தன் கழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அவனுக்குத் தெரிந்தது. அப்படியே இருந்தான். நேராக்கிக்கொள்ளத் தோன்றவில்லை.

அவள் பஞ்சை எடுத்துவிட்டாள். கண்மாயின் தவளைச் சத்தம் திரும்ப வந்தது.

"நான் என்ன கேட்டேன் அண்ணே?"

"தெரியலம்மா."

"தெரியாம எதுக்கு ஆமான்னீங்க?"

"நீங்க பாத்துகிட்டே இருந்தீங்க. திரும்பத் திரும்ப என்ன என்னன்னு கேட்டா நல்லா இருக்காதேன்னு…"

"பசிக்குதான்னு கேட்டேன். கஞ்சி வெச்சிருக்கேன்."

அவன் அசையவில்லை. சின்ன வயதில் ஒரே ஒரு தடவை பந்தயம் கட்டி அந்த அடைகல்லைத் தொட முங்கியது நினைவுக்கு வந்தது. பாதி ஆழத்திலேயே இரண்டு காதிலும் ஊசி இறங்கியது. அலறிக்கொண்டு மேலே வந்தான். இரண்டு நாள் காதில் ரத்தம். முத்திருளன் முப்பது வருடம் முங்கியவர்.

"காது கேக்கலைன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா?"

சாத்தப்பனுக்குப் பதில் தெரியும். மறுநாளே மடையை வேறு ஆளிடம் கொடுத்திருப்பார்கள். கூடவே, மடைக்காரருக்கு ஊர் மானியமாக விட்டிருந்த கால் காணி நிலமும் போயிருக்கும்.

"மறைச்சுட்டாரு. அந்தப் பொண்ணு செத்துப்போச்சு," என்றான். பிறகு மெதுவாக, "அப்ப அவரு மேல தப்பு இருக்கா, இல்லையாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்க உக்காரல."

வெளியே வெயில் தணிந்திருந்தது. சாத்தப்பன் திடுக்கென்று எழுந்து கரை மேல் ஏறினான். கரையிலிருந்து பார்த்தால் எல்லைக்கல் வரை போகும் வண்டிப்பாதை தெரியும். பாதையில் ஒரு மனிதர் தலையில் மூட்டையோடு நடந்துகொண்டிருந்தார். கூட யாரும் இல்லை. எல்லைக்கல்லுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு. போகச் சொன்னவர் எல்லைக்கல்லைத் தாண்டும் முன், கொட்டை போட்ட ஒன்பது பேரில் ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் நின்றுவிட்டால், வழக்கை மறுபடி கேட்டாக வேண்டும். தாண்டிவிட்டால் தாண்டியதுதான். அதற்காகவே போகிறவரை மெதுவாக நடக்கச் சொல்வார்கள். இதுவரை யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை.

சாத்தப்பன் இரண்டு கையையும் வாயருகே குவித்தான். அவனிடம் இருந்ததிலேயே பெரிய குரலை எடுத்தான்.

"முத்திருளா, நில்லு."

அம்பலக்காரரின் குரல் கண்மாயைத் தாண்டிப் போயிற்று. கொக்குகள் எழும்பின. வயலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்பால் வரப்பில் இருந்தவனும் திரும்பிப் பார்த்தான்.

மூட்டை நடந்துகொண்டே இருந்தது.

அவன் தலையாரி குரலில் கூப்பிட்டான். வெள்ளையன் குரலில் கூப்பிட்டான். கடைசியாகக் கூப்பிட்டது யார் குரல் என்று அவனுக்கே தெரியவில்லை. அது உடைந்துபோய் வந்தது. ஆண்டியப்பனுடையதுபோல இருந்தது.

கரையம்மா வந்து பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஓடுறேன்மா. ஓடினாப் பிடிச்சிரலாம்." வேட்டியை மடித்துக் கட்டினான். அது இரண்டு தடவை அவிழ்ந்தது. "பிடிச்சு… பிடிச்சு என்னன்னு சொல்றது? எந்தக் குரல்லம்மா சொல்றது?"

"குரல் எதுவும் வேண்டாம் அண்ணே," என்றாள் அவள். "உங்க முகம் அவருக்குத் தெரியிற மாதிரி முன்னால போய் நில்லுங்க."