மேளம் மறைத்த வரி

அநியாயம் நடந்தது பால்குடி மறக்காத பிள்ளைகளுக்கு. ஒரு காலத்தில் ஓர் அசுரனின் நகரத்தைச் சாமி எரித்தார், அவர்களும் தொட்டிலோடு எரிந்தார்கள் என்று அந்தக் கோயிலின் புராணம் சொன்னது. அசுரன் செய்த பாவத்தில் அவர்களுக்குப் பங்கே கிடையாது.

கருவறைக்கு எதிரே நின்ற கோயில் மரத்தில் தொங்கிய சின்ன மரத்தொட்டிலுக்கு இது தெரியாது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மரகதவல்லி அதைக் கட்டியிருந்தாள். அவிழவே கூடாதென்று ஈரக் கயிற்றில் முடிச்சுப் போட்டிருந்தாள். காயக் காய அது இறுகிக்கொண்டது. "சாமி, இவளுக்கு ஒரு பிள்ளை" என்று தொட்டில் ஆடும்போதெல்லாம் கேட்கும்.

திருவிழாக் காலையில் ஓதுவார் புராணம் படித்தார். நகரம் எரிகிற இடம் வந்தால் தவில் முழங்கும்; எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அன்று தவிலின் தோல் கிழிந்திருந்தது. அதனால் அந்த வரி எல்லோர் காதிலும் விழுந்தது: "தொட்டிலும் அதில் கிடந்த தளிரும் சாம்பலாயின."

தொட்டில் ஆடுவதை நிறுத்தியது.

"தவில் அண்ணே, இப்போ என்ன படித்தார்?"

"கேட்டுவிட்டதா? என் தோல் மட்டும் சரியாக இருந்திருந்தால்..."

"அப்போ உனக்குத் தெரியும்! வருஷா வருஷம் வேண்டுமென்றேதான் அடித்தாயா?"

"வெற்றி மேளம் என்று பேர், பொடிசு. இந்த வரியைக் கேட்டுப் பெண்கள் அழுதார்கள் என்று யாரோ அடிக்கச் சொன்னார்கள். அப்படியே வழக்கமாகிவிட்டது."

பலகை மேலிருந்த புராணப் புத்தகம் கனைத்தது. "அவை அசுரக் குழந்தைகள். வளர்ந்தால் அசுரர்கள்தானே?"

"பால் குடிக்கிற வாய்க்கு என்ன கட்சி, ஐயா?"

"சாமி செய்தால் அது நீதி. உனக்குப் புரியாது."

"நீதி என்றால் நிறுத்தி நிதானமாகப் படியுங்களேன்! எதற்கு மேளம்?"

புத்தகம் காற்றே இல்லாமல் ஒரு பக்கத்தைப் புரட்டிக்கொண்டது.

தவில் பதறியது. "வாயை மூடு! சாமி கோபித்துக்கொண்டால் அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. அங்கே பார்."

தொட்டில் பார்த்தது. மரகதவல்லி காலையிலிருந்து எதுவும் சாப்பிடாமல், அடிமேல் அடி வைத்துப் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்காகத்தான் பேசுகிறேன், அண்ணே. பிள்ளைகளை எரித்த கையிலிருந்தா அவளுக்குப் பிள்ளை வாங்கித் தருவேன்? சாமி! நீங்கள் அதைச் செய்திருந்தால் நான் இங்கே தொங்க மாட்டேன்!"

உதறியது. முடிச்சு அசையவில்லை. மறுபடியும் உதறியது. கயிறு இன்னும் இறுகியதுதான் மிச்சம். களைத்துப்போய் அது சும்மா தொங்கியபோது முடிச்சு தானாக அவிழ்ந்து கயிறு நழுவியது. தொட்டில் விழுந்து, உருண்டு, கருவறை வாசற்படியில் போய் இடித்து நின்றது.

"ஐயையோ!" மரகதவல்லி ஓடிவந்து அதை அள்ளி மார்போடு அணைத்தாள். "கத்தி வைத்து அறுத்தால்தான் உண்டு... இது எப்படி அவிழ்ந்தது?"

அவள் கைக்குள் இருந்தபடியே தொட்டில் கத்தியது: "பதில் சொல்லுங்கள்! அந்தத் தொட்டில்களை எரித்தது நீங்களா?"

கருவறைக்குள்ளிருந்து, கோபம் துளியும் இல்லாத குரல் வந்தது:

"எரித்தது நானென்றால், அவர்களுக்காகப் பேசிய உன் முடிச்சை அவிழ்த்தது யார்?"