சாவி ஒப்படைப்பு முகாம்

"நாளைக்குச் சாவியைக் கொடுத்துடலாம்னு இருக்கேன், தோழர்."

மங்கையர்க்கரசி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜெராக்ஸ் மிஷினின் வயிற்றைத் திறந்து, சிக்கிய தாளை உருவிக்கொண்டிருந்தார்.

"எந்தச் சாவி?"

"வீட்டுச் சாவிதான். வேற என்ன இருக்கு என்கிட்ட?" என்றார் தணிகைவேல்.

வங்கிக்கு எதிர்ச்சாரியில் இருந்தது அவருடைய ஜெராக்ஸ் கடை. மங்கையர்க்கரசி தொழிற்சங்க வேலைக்காக இரண்டு முறை வேலையிலிருந்து நீக்கப்பட்டவர், ஒரு முறை சிறைக்குப் போனவர். அதற்காக வருத்தப்பட்டதில்லை, வருத்தப்படச் சொன்னவர்களை மன்னித்ததும் இல்லை. இப்போது மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறார்.

தணிகைவேல் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை பார்த்த தொழிற்சாலை மூடிய நாளிலிருந்து அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் மனு எழுதக் கற்றுக்கொண்டவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அந்தத் தொழிற்சாலையை நம்பித்தான் வட்டாரத்தில் அடுக்குமாடிகள் முளைத்தன. அது மூடியதும் எல்லாப் பால்கனியிலும் 'விற்பனைக்கு' என்று அட்டை தொங்கியது. தணிகைவேல் முப்பத்திநாலு லட்சத்துக்கு வாங்கிய வீட்டைப் பதினெட்டுக்குக் கேட்கவும் ஆளில்லை. வங்கிக்கடன் மட்டும் இருபத்திநாலு லட்சத்தில் நின்றது. எல்லாமே இறங்கிய ஊரில் அதற்கு மட்டும் இறங்கத் தெரியவில்லை.

"பேங்குல நாளைக்கு முகாம் போடறாங்க. சாவியைக் கொடுத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"எல்லாந்தான். வீடு போச்சு, கடனும் போச்சு."

"யார் சொன்னது?"

"வசூலுக்கு வர்ற தம்பி. மரியாதையாத்தான் பேசறான். 'சாவியைக் கொடுத்துட்டு நிம்மதியாத் தூங்குங்க சார்'னான்."

ஆறு மாதமாகத் தூங்காத மனிதர். அந்தச் சொல்லை யார் விற்றிருந்தாலும் வாங்கியிருப்பார்.

"வீட்ல என்ன சொன்னாங்க?"

"பாத்திரத்தையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டுக் கட்டிட்டா. அவ தம்பி வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பண்றது சரியா, தப்பா? அதைச் சொல்லுங்க."

தாள் கிழியாமல் வெளியே வந்தது. மங்கையர்க்கரசி மிஷினை மூடினார்.

"எனக்கு ஜெராக்ஸ் பாக்கி எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

தணிகைவேலுக்கு முகம் சுண்டியது. "முந்நூத்தி நாப்பது."

"கொடுங்க."

"இப்ப எங்கிட்ட ஏது?"

"பைக் சாவியை வையுங்க."

தோழர் விளையாடுகிறார் என்று நினைத்துத் தணிகைவேல் சிரித்துக்கொண்டே சாவியை மேசைமேல் வைத்தார்.

"காதர், இங்க வா."

பக்கத்து டீக்கடையிலிருந்து காதர் ஈரக் கையை லுங்கியில் துடைத்தபடி வந்தார்.

"இந்த வண்டி வேணுமா?"

"வேணுந்தான். என்ன விலை?"

"நீயே சொல்லு."

காதர் வண்டியைப் பார்த்தார். தணிகைவேலைப் பார்த்தார். "இருநூறு."

"எடுத்துக்கோ."

காதர் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களை வைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். பால் கேனை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போயே போய்விட்டார்.

தணிகைவேல் எழுந்துவிட்டார். "தோழர், அது நாப்பதாயிரம் கொடுத்து வாங்கின வண்டி."

"இருக்கலாம்."

"போன மாசந்தான் இன்ஜின் வேலை பார்த்தேன்."

"பார்த்திருக்கலாம். இன்னும் நூத்தி நாப்பது பாக்கி."

"என்னது?"

"வித்துக் கொடுத்த செலவு முப்பது. ஆக நூத்தி எழுவது. எப்ப தருவீங்க?"

"வண்டியும் போச்சு, பாக்கியும் இருக்குன்னா என்ன நியாயம்? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? யாரைக் கேட்டு விலை வெச்சீங்க?"

"யாரைக் கேக்கணும்? சாவிதான் என் கையில இருந்துச்சே."

தணிகைவேல் உட்கார்ந்தார்.

எதிரே வங்கி வாசலில் இரண்டு பேர் பந்தல் துணியை விரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் யார் வீட்டுக் கல்யாணமோ என்று தோன்றும்.

மங்கையர்க்கரசி மிஷினில் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு தாள்கள் விழுந்து முடிந்ததும் கேட்டார்.

"நீங்க இந்தப் பெஞ்சுல உக்காந்து எத்தனை பேருக்கு மனு எழுதியிருப்பீங்க?"

"நாப்பது இருக்கும்."

"உங்க பேரைப் போட்டு?"

தணிகைவேல் தரையைப் பார்த்தார். "கூச்சமா இருந்துச்சு, தோழர். ஊருக்கு எழுதிக் கொடுக்கிறவன் வீட்டுக்கே நோட்டீஸ் வந்திருக்குன்னு தெரிஞ்சா..."

"தெரிஞ்சா?"

மங்கையர்க்கரசி சில வெள்ளைத் தாள்களையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு அடுத்த ஆளிடம், "உங்களுக்கு எத்தனை காப்பி?" என்று கேட்கப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் காதர் திரும்பி வந்து வண்டியை நிறுத்தி, சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் இருநூறு ரூபாயை எடுத்துக்கொண்டார்.

"எடுத்துக்குங்கண்ணே. பிரேக் பிடிக்கல. இதுக்கு இருநூறே அதிகம்."

தணிகைவேலுக்கு அது காதில் விழவில்லை. எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. உட்கார நாற்காலி, குடிக்க ரோஸ் மில்க். மேசைமேல் ஒரு தட்டு. அதில் ஏற்கெனவே நாலைந்து சாவிகள் பெயர்ச்சீட்டுக் கட்டிக் கிடந்தன. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் தணிகைவேலுக்குத் தெரிந்த முகங்கள்; ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள், ஒரே லிப்டில் ஏறி இறங்குகிறவர்கள். ஆனால் இன்றைக்கு ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சாவியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தபடி நின்றார்.

தணிகைவேல் முறை வந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிரித்த முகத்தோடு கையை நீட்டினார். "சாவி, சார்."

தணிகைவேல் அந்தக் கையில் மனுவை வைத்தார்.

அதிகாரி புரட்டிப் பார்த்தார். "என்ன சார் இது?"

"ரெண்டு கேள்வி இருக்கு. என் வீட்டை என்ன விலைக்குக் குறையாம விப்பீங்க? வித்த காசு கடனுக்குப் பத்தலைன்னா, மிச்சத்தைத் தள்ளுபடி பண்ணிடுவீங்களா, இல்ல என்கிட்ட வருவீங்களா?"

"அதெல்லாம் நடைமுறைப்படி நடக்கும் சார்."

"அந்த நடைமுறையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

"இங்க அதுக்கு வசதி இல்லை. முதல்ல சாவியைக் கொடுத்துடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

"பேசிட்டுக் கொடுக்கிறேன். அதுவரைக்கும் வீடு என் கையில இருக்கட்டும். விக்கிறதுன்னா ஆளைத் தேடி நானே வித்து உங்க கடனைக் குறைக்கிறேன். அதுக்கு ஆறு மாசம் அவகாசம் கேட்டு மூணாவது பக்கத்துல எழுதியிருக்கேன். மனுவை வாங்கினதுக்கு ஒரு சீல் மட்டும் போடுங்க."

அவர் குரல் பந்தலின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது.

அதிகாரியின் சிரிப்பு போயிருந்தது. "பின்னாடி இவ்வளவு பேர் நிக்கிறாங்க, பார்க்கலையா? உங்க ஒருத்தரால எல்லாருக்கும் லேட். நகருங்க சார்."

தணிகைவேலுக்குப் பின்னால் நின்றிருந்தவர் மூன்றாவது மாடி செங்கமலம். கையில் பொத்தியிருந்த சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நகராதீங்கண்ணே," என்றார். "அவர் பதில் சொல்லட்டும். எங்களுக்கும் அதே கேள்விதான்."